எதிலும் அடங்காத வரி

சுந்தரபாண்டி கம்ப்யூட்டரில் வரி வரியாக எதையோ அழித்துக்கொண்டிருந்ததை, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பெருமாள்சாமி பார்த்துவிட்டார். 'டைப்ரைட்டிங், கம்ப்யூட்டர் பயிற்சி, ஜாதகம்' என்று மூன்றையும் ஒரே போர்டில் எழுதியிருந்த இடம் அது. எண்பத்தெட்டில் கோவில்பட்டிக்கே அது புதுசு. பசுவந்தனையிலிருந்து பருத்தி எடுப்பைப் பாதியில் விட்டுவிட்டு அவர் சும்மா வரவில்லை, சண்டைக்கென்றே வந்திருந்தார்.

"ஏலே, செஞ்ச களவாணித்தனத்த அழிக்கியா? எம்மகளுக்கு ஏழு மாப்பிள்ள ஜாதகம் கொண்டாந்தேன். ஏழுக்கும் பொருத்தம் இல்லன்னு சொல்ல, எம் பங்காளி நல்லக்கண்ணு ஒனக்கு என்னலே குடுத்தான்?"

"ஐயோ, இல்ல அண்ணாச்சி! பொருத்தம் பாக்குத புரோகிராமச் சுருக்குதேன். 'இந்த நட்சத்திரம்னா இப்படிச் சொல்லு, அந்த நட்சத்திரம்னா அப்படிச் சொல்லு'ன்னு நூறு நிபந்தன கெடந்துச்சு. எல்லாத்தையும் ஒரு அட்டவணையில போட்டு, 'அதப் பாத்துச் சொல்லு'ன்னு ரெண்டே வரியில முடிச்சிட்டேன்."

"நூறு எப்படிலே ரெண்டாகும்? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்."

சத்தம் கேட்டு, அங்கேயே டைப்பும் கம்ப்யூட்டரும் படித்துவந்த அவர் மகள் முத்துத்தாய் பக்கத்து அறையிலிருந்து ஓடி வந்தாள். சுந்தரபாண்டியோ, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன்.

"ஒரே ஒரு வரிதான் அண்ணாச்சி எதுலயும் அடங்கல. அது நட்சத்திரமும் பாக்கல, ராசியும் பாக்கல. இந்தத் தேதியில, இந்த நேரத்துல பொறந்த பொண்ணுன்னா, எந்த மாப்பிள்ள வந்தாலும் பொருத்தம் இல்லன்னு சொல்லுது."

பெருமாள்சாமி குனிந்து திரையைப் பார்த்தார். ஏழு தடவை எழுதிக் கொடுத்த எண்கள், அவருக்கு மனப்பாடம்.

"இது எம்மக பொறந்த நேரமுல்லாலே!"

அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "இந்த மெசினுல ஒன்னத் தவிர எவன்லே கை வைப்பான்? மொதலாளிகிட்டச் சொல்லி இன்னைக்கே ஒன் வேலையக் காலி பண்ணுதேன்!"

சுந்தரபாண்டிக்கு அது நாலு வருஷம் நாயாய் அலைந்து கிடைத்த வேலை. பண்ணாத தப்புக்குப் போகப்போகிறதே என்று அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

முத்துத்தாய் அப்பாவின் கையைப் பிடித்து விலக்கினாள். அவள் கோபமெல்லாம் சுந்தரபாண்டி மேல்தான் இருந்தது.

"அது நான் எழுதுன வரி சார். என் பரீட்ச முடியுமுன்ன யாரு ஒங்கள அதச் சுத்தம் பண்ணச் சொன்னா?"