சேலைக் கிழிசல்

நெல் குடோனில் நாற்பது வருஷம் மூட்டை தூக்கிய தவசிமுத்துவுக்கு வாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. இழுத்து இழுத்துப் பழகினால்தான் பிடி திரும்பும் என்று டாக்டர் சொல்ல, மனைவி சொர்ணம் துடுப்புப் போடுவதுபோல இழுத்துப் பழகுகிற உடற்பயிற்சி மெஷின் ஒன்றைப் பழையதாக வாங்கி வீட்டுக்குள் போட்டாள்.

"ஏட்டி, தண்ணியும் இல்ல, படகும் இல்ல. சும்மா இழுக்கதுக்கு ஒரு மெஷினா?"

"கூலி இல்லாத வேலைன்னா ஒங்களுக்குக் கசக்கும்லா. பேசாம உக்காருங்க."

தினமும் காலையில் அந்தக் கையை மெஷினின் கைப்பிடியில் வைத்து, நழுவாதபடி பழைய சேலைக் கிழிசலால் சுற்றிக் கட்டுவாள். அவர் இழுத்து முடிக்கும்வரை எதிரே தரையில் உட்கார்ந்து எண்ணுவாள். ஆறு மாசமாக ஒருநாள் தவறவில்லை.

இன்று அந்தத் துணி கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அவள் எடுக்கப் போன நேரத்தில் அவர் சும்மா பிடியில் கையை வைத்தார். விரல்கள் மடங்கின. இழுத்துப் பார்த்தார், வழுக்கவில்லை. இன்னும் இழுத்தார். எத்தனையோ மூட்டை தூக்கிய கைதான், ஒருநாளும் அதைப் பார்த்துக் கண் கலங்கியதில்லை.

காலடிச் சத்தம் கேட்டதும் பிடியை விட்டுவிட்டுக் கையை நீட்டினார்.

"இறுக்கிக் கட்டுட்டி."

உள்ளங்கையில் பிடியின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. சொர்ணம் அதைப் பார்த்தாள். கிழிசலைச் சுற்றிக் கட்டினாள், வழக்கத்தைவிட ஒரு சுற்று கூடுதலாக.