அஜெண்டாவில் இல்லாத ஈராக்

"ஏத்தா ஒச்சம்மா, உன் வார்டுல குழாயைத் திறந்தா காத்துதான் வருது. நீ ஈராக்குக்குத் தீர்மானம் போடச் சொல்றியா?"

எட்டாவது வார்டு மொக்கைச்சாமி இப்படிக் கேட்டதும் மன்றக் கூட்டமே சிரித்தது. மேஜையைத் தட்டி அடக்க வேண்டிய தலைவர் பெருமாள்சாமியும் சேர்ந்து சிரித்தார்.

மூன்றாவது வார்டு உறுப்பினர் ஒச்சம்மாள் சிரிக்கவில்லை. உட்காரவும் இல்லை. தீர்மானம் போடாமல் உட்கார மாட்டேன் என்று, கூட்டம் ஆரம்பித்ததிலிருந்து இரண்டு மணி நேரமாக நின்றுகொண்டிருந்தார்.

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகிற வழியில் ஒரு சின்னப் பேரூராட்சி அது. 2004 ஆகஸ்ட். சாக்கடை, தெருவிளக்கு, பன்றித் தொல்லை என்று பதினேழு விஷயம் பேசி முடித்தாயிற்று. எல்லோருக்கும் பசி.

"அம்மா, வெளியுறவுக் கொள்கையெல்லாம் டில்லி சமாச்சாரம். அதைப் பேச நமக்கு அதிகாரம் கிடையாது" என்றார் செயல் அலுவலர் பாரூக்.

"அதிகாரம் கேக்கல சார். நம்ம ஊர்ப் பையன் ஒருத்தன் குவைத்துல லாரி ஓட்டப் போனான். ஏஜெண்டு அப்படிச் சொல்லித்தான் அனுப்புனான். இப்ப கம்பெனிக்காரன் பாஸ்போர்ட்டப் பிடுங்கி வச்சுக்கிட்டு ஈராக்குக்குள்ள ஓட்டச் சொல்றான்."

"அதுல நமக்கென்ன பயம்? நம்ம நாடுதான் அந்தச் சண்டைக்கே போகலையே" என்றார் இன்னொரு உறுப்பினர் சேவியர்.

"நாம போகலண்ணே. படை அனுப்ப மாட்டோம்னுட்டாக. வேலைக்கும் யாரும் போகக் கூடாதுன்னு தடை போட்டிருக்காக. ஆனா லாரியில போறது அமெரிக்காக்காரன் படைக்குச் சாமான். ரோட்டுல துப்பாக்கியோட நிக்கிறவன், ஓட்டுறவன் எந்த ஊருன்னா பாப்பான்? போன மாசம் நம்ம நாட்டு டிரைவருக மூணு பேரப் பிடிச்சுட்டுப் போனத நீங்க பேப்பர்ல பாக்கலையா?"

ஒருவரும் பார்த்திருக்கவில்லை. அவர்கள் பேப்பரைப் பிரிப்பதே தங்கள் படம் வந்திருக்கிறதா என்று பார்க்கத்தான்.

"சரித்தா, யாரு வீட்டுப் பையன்?" என்றார் தலைவர்.

"பேரு வெளிய வந்தா அங்க அவனுக்குத் தொந்தரவு. ஆபீசர்கிட்ட மட்டும் குடுக்கிறேன்."

மொக்கைச்சாமி எழுந்தே விட்டார். "பாத்தீகளா! சொந்தக்காரப் பயலுக்காகப் பஞ்சாயத்து முத்திரை கேக்குது! இதுக்குத்தான் மூணாவது வார்டு சனம் ஓட்டுப் போட்டுச்சா?"

ஒச்சம்மாளுக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"ஆமாண்ணே, சொந்தம்தான். அப்படியே வச்சுக்கங்க."

"அவனவன் பிள்ளைய அவனவன் கட்டுப்பாடா வச்சிருக்கணும்த்தா. துட்டுக்கு ஆசப்பட்டு எவன் பிள்ளையோ கடல் தாண்டிப் போனா, நாங்க எதுக்குக் கை தூக்கணும்?"

"பெத்தவ ஒத்தையில எழுதிப் போட்டா யாரு படிப்பா? பையன மீட்டுக் குடுங்கன்னு மன்றத் தீர்மானமா, கோபுர முத்திரையோட கலெக்டருக்கும் டில்லிக்கும் தூதரகத்துக்கும் போனா, ஒருத்தராச்சும் பிரிச்சுப் பாப்பாகல்ல? நீங்க என்னை என்ன வேணும்னாலும் பேசுங்க. ஓட்டுக்கு மட்டும் விடுங்க."

தலைவர் வேறு வழியில்லாமல் ஓட்டுக்கு விட்டார்.

பெண் உறுப்பினர்கள் ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கை தூக்கினார்கள். சேவியர் தலையைச் சொறிந்துவிட்டுத் தூக்கினார். அவரைப் பார்த்து இன்னொருவர் தூக்கினார். ஆக ஏழு.

எதிர்த்தும் ஏழு. மொக்கைச்சாமி ரெண்டு கையையும் தூக்கியிருந்தார்.

இனி தலைவர்தான். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒச்சம்மாளைப் பார்த்தார். இந்தப் பொம்பளை ராத்திரி வரை நின்றாலும் நிற்கும் என்று தோன்றியிருக்க வேண்டும்.

"எழுதிக்கங்க பாரூக். நிறைவேறுச்சு" என்று கை தூக்கினார்.

அப்போதுதான் ஒச்சம்மாள் உட்கார்ந்தார்.

எல்லோரும் கலைந்து போகும்வரை காத்திருந்து, ஜாக்கெட்டுக்குள்ளிருந்து மடித்த தாளை எடுத்துச் செயல் அலுவலரிடம் நீட்டினார். பையனின் பெயர், பாஸ்போர்ட் நம்பர், கம்பெனி பெயர் எல்லாம் இருந்தன.

வாசித்துக்கொண்டே வந்த பாரூக் சட்டென்று நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தார்.

"பெயர்: மணிமாறன். தகப்பனார் பெயர்: மொக்கைச்சாமி, எட்டாவது வார்டு."

ஜன்னலுக்கு வெளியே டீக்கடையில் மொக்கைச்சாமி கையை ஆட்டி ஆட்டி ஒச்சம்மாளைத்தான் கேலி பேசிக்கொண்டிருந்தார்.

"அம்மா... இவரு மகனா?"

"மெல்லப் பேசுங்க சார். வெளிநாடுன்னா அவருக்கு ஆகாது. பம்பாயில லாரி ஓட்டுறதாச் சொல்லிட்டுத்தான் பையன் போனான். எங்க வீட்டு போனுக்குத்தான் கூப்பிடுவான். அவுக ஆத்தா கௌசல்யா வந்து பேசிட்டுப் போகும். நேத்து அவன் அழுத அழுகையில அதுவும் அழுது, நானும் அழுதேன்."

பாரூக்கிற்குத் தாங்கவில்லை.

"அந்த மனுஷன் இம்புட்டு நேரம் உங்களை அந்தப் பேச்சுப் பேசினாரே! காதோட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, மொதக் கை அவருதானே தூக்கியிருப்பாரு?"

ஒச்சம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"தூக்கியிருப்பாரு சார். அப்புறம் பையன் வந்து சேர்ற வரைக்கும் அந்த மனுஷன் எப்படித் தூங்குவாரு?"