பத்து நகத்திலும் வெள்ளைக் கோடு

"கைய நீட்டுங்க அங்கிள். பாருங்க, பத்து நகத்துலயும் குறுக்கால வெள்ளைக் கோடு. இது வயசுக் கோளாறு இல்ல."

சொல்லிவிட்டு ஹரிதாஸின் கையை விடாமல் பிடித்திருந்தாள் பூவிழி. பல்கலைக்கழகத்தில் மனித உயிரணுக்களை ஆராய்கிறவள். மூன்று வாரத்துக்கு முன்பு இந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, எல்லாரிடமும் நகமும் முடியும் வெட்டி வாங்கிக்கொண்டு போனாள். இன்று பரிசோதனை முடிவோடு வந்திருந்தாள்.

"அப்ப இவருக்குக் காலு மரத்துப்போறது, உள்ளங்கை தடிச்சுப்போனது எல்லாம்?" ஹரிதாஸின் மனைவி திலகா கதவோரம் நின்றபடியே கேட்டாள்.

"எல்லாத்துக்கும் காரணம் ஒண்ணுதான் ஆன்ட்டி. ஆர்செனிக். பாஷாணம்னு சொல்வாங்கல்ல, அது. ஒரு நாள்ல வந்ததில்ல. ரொம்ப நாளா, கொஞ்சம் கொஞ்சமா உள்ள போயிருக்கு."

"பாஷாணம் தின்னும் உசுரோட உக்காந்திருக்கேன்னா, நானும் லேசுப்பட்ட ஆளு இல்லம்மா," என்று ஹரிதாஸ் சிரித்தார். மற்ற இருவரும் சிரிக்கவில்லை.

"உள்ள போயி அது என்னதான் பண்ணும்?" என்றாள் திலகா.

பூவிழி சன்னல் வழியே பார்த்தாள். சரிவுக்குக் கீழே பனிக்குள் தேயிலைத் தொழிற்சாலையின் கூரை மட்டும் தெரிந்தது.

"உடம்புல ஒவ்வொரு செல்லும் அந்த ஃபேக்டரி மாதிரிதான் ஆன்ட்டி. ஆபீஸ்ல இருந்து சீட்டு வரும், இன்னிக்கு இந்தச் சரக்கப் பண்ணுன்னு. சீட்டப் பாத்து மெஷின் புரதம் செய்யும். தோலு, நரம்பு, ரத்தம், எல்லாத்துக்கும் அதுதான் வேணும்."

"சரி."

"பாஷாணம் நுழைஞ்சா ஆபத்து மணி அடிக்கும். மெஷின் நின்னுடும். வந்த சீட்டெல்லாம் மூலையில குமிஞ்சு கிடக்கும். செஞ்சு வச்ச சரக்கும் கோணல்மாணலா மடங்கி வீணாப்போயிடும். ஒரு நாள் மணி அடிச்சா பரவால்ல, மறுபடி வேலை நடக்கும். தினமும் அடிச்சா?"

"ஃபேக்டரிய இழுத்து மூடிட்டுப் போக வேண்டியதுதான்," என்றார் ஹரிதாஸ்.

"நிறுத்திட்டா சரியாப் போயிடுமா?" என்றாள் திலகா.

"புதுசா உள்ள போறது நின்னா வைத்தியம் பண்ணிப் பாக்கலாம். போயிட்டே இருந்தா, இவர நாம காப்பாத்த முடியாது ஆன்ட்டி. அதனாலதான் எங்கருந்து வருதுன்னு தெரிஞ்சாகணும்."

"தண்ணியில இருக்குமோ?"

"தண்ணி சுத்தம். பாத்தாச்சு."

"முப்பது வருஷமா தோட்டத்துல களைமருந்து அடிச்சவன் நான். அதான் இருக்கும்."

"உங்ககூட அடிச்ச சின்னக்கருப்பன் அங்கிளுக்கு ஒண்ணும் இல்ல. பக்கத்து வீட்டு ரஞ்சிதம் ஆன்ட்டிக்கு இல்ல. ஒரே வீட்டுல இருக்கிற ஆன்ட்டிக்கே இல்ல. இந்த லயத்துல உங்க ஒருத்தருக்குத்தான்."

திலகா முந்தானை நுனியை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

"சம்சு சாராயம் குடிப்பீங்களா அங்கிள்? கள்ளச் சரக்குல இருக்கலாம்."

"பத்து வருஷம் அதுலயே முழுகிக் கிடந்தவன்தான். விட்டு ரெண்டு வருஷமாச்சு லா. வேணும்னா இவளக் கேளு."

திலகா தலையை மட்டும் ஆட்டினாள்.

"அப்ப நாளைக்குக் காலையில வந்து, சமையல்கட்டுல இருக்கிற அரிசி, மிளகாத்தூள், எல்லாத்துலயும் கொஞ்சம் எடுத்துட்டுப் போறேன். இந்த அளவுக்கு இருந்தா போலீசுக்கும் சொல்லணும். எனக்கு வேற வழி இல்ல."

சாய்ந்திருந்த ஹரிதாஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதெல்லாம் எதுக்கும்மா? நானே சொல்லிடுறேன். பழைய ஸ்டோர் பின்னால ஒரு டின்னு கிடந்துச்சு. மண்டையோட்டுப் படம் போட்டது. மேனேஜருக்குத் தெரியாம தூக்கிட்டு வந்து, எலிக்கு வைக்க வெறுங்கையால கலந்துக்கிட்டு இருந்தேன். அதே கையோட சோறும் தின்னேன். என் தப்புதான்."

"டின் எங்க?"

"தீந்துபோச்சு. குப்பையோட போயிடுச்சு. எழுதிக்க."

திலகா அவரையே பார்த்தாள். அப்படி ஒரு டின் இந்த வீட்டு வாசற்படி ஏறியதே இல்லை.

பூவிழி எழுதிக்கொண்டாள். அவள் முகத்தில் பாதி நம்பிக்கைதான் இருந்தது. "எதுக்கும் காலையில வர்றேன். பனி இறங்குது, இருட்டறதுக்குள்ள பிரிஞ்சாங் டவுனுக்குப் போய்ச் சேரணும்," என்று எழுந்து போனாள்.

காரின் சத்தம் தேய்ந்து மறைந்தது. திலகா உள்ளே போனாள். வெகு நேரம் கழித்து ஒரு கோப்பைத் தேநீரோடு வந்து, அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, வழக்கம்போல் பக்கத்தில் உட்காராமல், முகத்தைப் பார்க்காமல் திரும்பினாள்.

ஹரிதாஸ் ஒரு வாய் குடித்தார்.

"இன்னிக்குக் கசக்கல. பொடி போடலையா?"

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"குடிய மறக்கடிக்கும்னு எவளோ குடுத்த பொடிதானே? நிறுத்துனா திரும்பக் குடிப்பான்னும் சொல்லியிருப்பா. அதுல பாஷாணம் கலந்திருக்கும்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனா நீ போடுறது முத நாளே தெரியும் புள்ள. அதுக்கு ஒரு வாரம் முன்னாலயே நான் சம்சுவ விட்டுட்டேன்."

"பாவி மனுஷா," திரும்பி வந்து தரையில் உட்கார்ந்தாள் திலகா. "அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா," என்றார் ஹரிதாஸ், "தினமும் நான் குடிச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்திருப்பியா, திலகா?"