தொண்ணூற்றொரு மிக்ஸி

"தொண்ணூத்தொரு பொய்ப் புகார், கண்மணி. எல்லாத்துக்கும் பதில் போட்டது நீங்க. எழுதினதும் நீங்கதானே?"

கேட்டது மமதா. பெங்களூர் ஹெட் ஆபீஸ் ஆள். சிரிப்புக்கு லீவு கொடுத்துவிட்டு வந்த முகம்.

கண்மணி டைப் அடிப்பதை நிறுத்தினாள். "நான் எதுக்கு மேடம் எழுதணும்?"

பழைய தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையில் ஒரு மாடியில் ஆறு பேர் வேலை பார்க்கும் ஆபீஸ் அது. ஒரு மிக்ஸி கம்பெனிக்கு வருகிற புகார் மெயில்களுக்குப் பதில் எழுத வேண்டும். தமிழில் வருவதெல்லாம் கண்மணி தலையில்.

"எதுக்கா? மாசம் மூவாயிரம் புகார் வரலேன்னா இந்த ஆபீஸை மூடி பெங்களூரோட சேர்த்துடுவோம்னு போன மாசம் லெட்டர் வந்துச்சு. அப்போ எழுபது குறைஞ்சது. இந்த மாசம் பார்த்தா மூவாயிரத்துப் பன்னிரண்டு. எங்கேருந்து வந்துச்சு?"

பிடிபட்டதெல்லாம் புது சாஃப்ட்வேர் செய்த வேலை. பழையது மெயிலின் தலைப்பைப் பார்த்துக் கட்டுக் கட்டும். தலைப்பு வேறென்றால் புகாரும் வேறு. புதியது கல்யாணத் தரகர் மாதிரி. பேரை மாற்றுங்கள், தலைப்பை மாற்றுங்கள், அது மயங்காது. எந்த மெயிலுக்குப் பதிலாக எது வந்தது என்று பூர்வீகம் வரை போய்ப் பிடித்துவிடும்.

அன்று காலை மமதா அந்த மாதத்து மெயில்களை அதில் ஏற்றிப் பார்த்தாள். தொண்ணூற்றொரு புகார்கள் ஒரே கட்டாக வந்து விழுந்தன. யாரோ ஒரே பழைய மெயிலைத் திறந்து, ரிப்ளை, ரிப்ளை என்று அழுத்தி, தலைப்பையும் கீழே பேரையும் மட்டும் மாற்றி மாற்றி எழுதியிருக்கிறார்கள்.

மமதா படித்தாள். "'மிக்ஸியைப் போட்டால் பக்கத்து வீட்டு டிவியில் சேனல் மாறுகிறது. இப்படிக்கு லாய்ட்.' 'சட்னி அரைக்கும்போது மிக்ஸி நடந்துபோய்ப் பூனையைத் துரத்தியது. இப்படிக்கு மங்கம்மா.' இதுக்கு என்ன பதில் போட்டீங்க?"

கண்மணி குனிந்த தலை நிமிராமல் சொன்னாள். "'பூனைக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். மிக்ஸியின் அடியில் நான்கு ரப்பர் காலும் இருக்கிறதா என்று பாருங்கள்.'"

பின்னால் யாரோ சிரித்தார்கள். மமதா திரும்பியதும் சிரிப்பு இருமலாகிவிட்டது.

"எல்லாம் ஒரே மெயில் ஐடி. அதைக்கூடவா பார்க்கல?"

"ஒரு நாளைக்கு இருபது மெயில் மேடம். பேரைப் பார்த்து வணக்கம் போடுவேன், புகாரைப் பார்த்துப் பதில் போடுவேன். ஐடியை எங்க பார்த்தேன்?"

"நந்திதுர்க்னு ஆரம்பிக்குது. உங்க வீடும் நந்திதுர்க் ஏரியாதானே?"

கண்மணிக்குக் கண் கலங்கியது. "ஆபீஸை மாத்தினா எனக்குக் கஷ்டம்தான் மேடம். விடியறதுக்குள்ள பங்காருபேட்டை போய் பெங்களூர் ரயிலைப் பிடிக்கணும். குழந்தை முகத்தை ஞாயித்துக்கிழமைதான் பார்க்கணும். அதுக்காகப் பொய் எழுதுவேனா?"

"ரயிலைப் பத்தி எனக்குச் சொல்லாதீங்க." மமதா லேப்டாப்பை இழுத்துக்கொண்டாள். "உங்களை வேலையிலேருந்து எடுக்கச் சொல்லி எழுதறேன்."

வாசலில் நின்றிருந்த செக்யூரிட்டி ராஜப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். மைன்ஸை மூடியபோது வேலை போனவர்.

"அந்தப் பொண்ணை விட்ருங்க மேடம். மங்கம்மா நான்தான்."

"என்னது?"

"லாய்டும் நான்தான். பியூலான்னு ஒண்ணு கீது பாருங்க, அதுவும் நான்தான். பூனை மட்டும் நெசம்."

ஆறு நாற்காலியும் ஒரே நேரத்தில் திரும்பின.

"உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?"

"நான் இறங்கின சுரங்க ஷாஃப்டை மூடறப்ப, கீழேருந்து போதுமான தங்கம் வரலேன்னு சொன்னாங்கோ. இங்கயும் அதே மாதிரி லெட்டர் வந்துச்சு. நம்ம ஆபீஸுக்குத் தங்கம் இன்னான்னு விசாரிச்சேன். புகாருன்னாங்கோ. சரி, ஷிஃப்டுக்கு மூணு நாலுன்னு என்னால முடிஞ்சதை மேலே ஏத்தினேன்."

"அதை ஏன் ஒரே மெயில்லேயே அனுப்பினீங்க?"

"எங்க வூட்டு மிக்ஸி ரிப்பேரானப்ப கம்பெனி ஒரு மெயில் அனுப்பிச்சு. அதைத் தொறந்து ரிப்ளை அழுத்தறதுதான் எனக்குத் தெரியும். தலைப்பை மாத்தக் கத்துக்கவே நாலு நாள் ஆச்சு."

மமதா கையை நீட்டினாள். "போனைக் கொடுங்க."

கண்மணி எழுந்துவிட்டாள். "மேடம், ராஜப்பா அண்ணன் பேரை எழுதாதீங்க. என் பேரே இருக்கட்டும்."

"உக்காருங்க."

ராஜப்பா போனைக் கொடுத்தார். சாட்சிக்குப் படம் எடுக்கப் போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். மமதா மெயிலைத் திறந்து, அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"ரிப்ளையைத் தொடவே கூடாது. இதோ, பென்சில் படம் இருக்கு பாருங்க, இதை அழுத்துங்க. அப்போதான் ஒவ்வொண்ணும் தனிப் புகாரா விழும். புது முறை அடுத்த மாசம்தான் ஆரம்பம். இந்த மாசக் கணக்கு பழைய முறையிலேயே போகட்டும்."

திறந்த வாய் ஒருவருக்கும் மூடவில்லை.

"இன்னா பார்க்கறீங்க?" என்றாள் மமதா. "பங்காருபேட்டையில அந்த ரயில்ல ஏறி, நாலு வருஷமா நின்னுக்கிட்டேதான் பெங்களூர் போறேன். நீங்க ஆறு பேரும் ஏறினா எனக்கு நிக்கவும் இடம் இருக்காது."