மூச்சு வாங்காத தட்டு

ஓர் அலமாரியில் இரண்டு இசைத்தட்டுகள் தோளோடு தோள் ஒட்டி நின்றன. இரண்டிலும் 'சோல்' என்ற அமெரிக்கக் கறுப்பின இசை பாடும் ஒரே பாடகி, ஒரே பாட்டு. ஒன்று அந்தக் காலத்தில் வந்து கீறல் விழுந்தது. மற்றது, அதே பாட்டைச் சுத்தம் செய்து மறுபடி அச்சிட்டுப் போன வாரம் வந்திறங்கியது.

புதுசுக்குத் தன் பளபளப்பில் கொள்ளைப் பெருமை. "உனக்குள்ள யாரு சதா கடுகு தாளிக்கிறாங்க?" என்று பழசைச் சீண்டும்.

ஒருநாள் தட்டைப் பாடவைக்கும் கருவியின் முள் புதுசின்மேல் ஓடி முடித்துவிட்டுச் சொன்னது: "சத்தம் கண்ணாடி மாதிரி இருக்கு கண்ணு. ஆனா உச்சத்துக்குப் போற வரிக்கு முன்னாடி அந்தம்மா மூச்சு இழுப்பாங்களே, அது எங்க?"

"மூச்சா?"

"இரைச்சல்னு நினைச்சு அதையும் சேர்த்துத் துடைச்சிட்டாங்க போல," என்றது பழைய தட்டு. அதன் குரலில் கேலி இல்லை. "பாவம், மூச்சே வாங்காமலா அவ்வளவு உயரம் ஏறுறே?"

பிறந்ததிலிருந்தே அந்த வரி வந்தால் புதுத்தட்டுக்கு நெஞ்சை அடைக்கும். எல்லாத் தட்டுக்கும் அப்படித்தான் போலிருக்கிறது என்று வெளியே சொல்லாமல் இருந்துவிட்டது.

பிறகொரு நாள் ஒரு தூசி பறந்து வந்து, சரியாக அந்த வரிக்கு முன்னால் உட்கார்ந்தது. முள் அதைக் கடந்தபோது 'ஸ்ஸ்' என்று ஒரு சின்னச் சத்தம். அன்றைக்குத்தான் புதுத்தட்டு அந்த வரியை வலியில்லாமல் பாடியது.

பாட்டு முடிந்ததும் வீட்டுக்காரர் துணியை எடுத்தார்.

"மத்த இடமெல்லாம் நல்லாத் தேய்ச்சுக்கோ அண்ணே," என்று துணியிடம் கெஞ்சியது புதுத்தட்டு. "அந்தத் தூசியை மட்டும் விட்டுடு. நான் நாளைக்கும் பாடணும்."