நாலில் நின்ற முள்

“முள்ளு எங்க நிக்குது? பாத்துச் சொல்லு!”

பியட் காரின் பானெட்டுக்குள் இடுப்புவரை நுழைந்திருந்த நீலகண்டன் கத்தினான். ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அவன் மனைவி தையல்நாயகி, டாஷ்போர்டில் புதிதாக மாட்டிய மீட்டரைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். என்ஜின் போட்ட சத்தத்தில் தருமபுரத்துக் காக்கை ஒன்றுகூட மரத்தில் இல்லை.

“பூஜ்யத்துலயே நிக்குதுங்க!”

“கொஞ்சங்கூட அசையலியா?”

“உங்க தம்பி நம்ம வீட்டுக்கு வந்தா உக்காருவாருல்ல, அப்படி உக்காந்துருக்கு!”

வாசலில் ரோஜா மாலையோடு நின்ற இளைஞர் மன்றத்துக்காரர்கள் சிரிப்பதா அழுவதா என்று விழித்தார்கள். சோழவரம் கார் பந்தயத்துக்குத் தெருவிலிருந்து போகும் முதல் ஆள் நீலகண்டன். மூன்று வருஷமாகப் போய்க்கொண்டே இருக்கிறான். முதல் வருஷம் கிளம்பும் நாளில் அவனுக்கு அம்மை போட்டது. போன வருஷம் கிளட்ச் போனது. இந்த வருஷமும் போகாவிட்டால் பக்கத்து ஊர்க் கோட்டுச்சேரிக்காரர்கள் கேலி பேசியே கொன்றுவிடுவார்கள்.

ஆயில் பிரஷர் மீட்டர் இல்லாமல் பந்தயத்துக்குக் கிளம்பமாட்டேன் என்று நீலகண்டன்தான் ஒற்றைக்காலில் நின்றான். பாரிசிலிருந்து லீவில் வந்த தெருக்காரர் சுவாமிநாதன், மீட்டரையும் அதற்கான பித்தளைக் குமிழையும் கையோடு கொண்டுவந்து கொடுத்துவிட்டார். குமிழை என்ஜினில் திருகி, அதிலிருந்து மீட்டருக்கு ஒரு ஒயர் இழுக்க வேண்டும். முள் நாலில் நின்றால் எண்ணெய் ஒழுங்காக ஏறுகிறது என்று அர்த்தம். பூஜ்யம் என்றால் என்ஜின் சீர்காழி தாண்டாது.

நீலகண்டன் நிமிர்ந்தான். முகமெல்லாம் கரி.

“விதி மச்சான், விதி! எண்ணெய் ஏறலைன்னா என்ஜின் கட்டியாப் பிடிச்சுக்கும். நான் சாகறதப் பத்திக் கவலையில்ல. வண்டி சாகக்கூடாது.”

மாலையைப் பிடித்திருந்தவன் மூக்கை உறிஞ்சினான்.

மச்சான் சிதம்பரநாதன் லேசில் விடுகிற ஆள் இல்லை. தையல்நாயகியின் அண்ணன், ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருப்பவர். குனிந்து பார்த்தார்.

“இருங்க மாப்ள. குமிழ்ல என்னது, சணலா?”

“எண்ணெய் ஒழுகக்கூடாதுல்ல? கிளிஞ்சல்மேட்டு மீன்பிடி லாஞ்சுல இப்படித்தானே மாட்டுறாங்க. சணலைச் சுத்தி, வெள்ளை ஈயத்தைக் குழைச்சுப் பூசி…”

“அது கடல் தண்ணிக்கு! இது கரண்டு போற சாமான். மரையும் என்ஜினும் ஒண்ணையொண்ணு தொட்டாத்தானே எர்த்து கிடைக்கும்? பொணத்துக்குக் கோடி போத்துன மாதிரி சுத்தி வச்சா முள்ளு எப்படி எந்திரிக்கும்? கழட்டுங்க மொதல்ல!”

கூட்டம் கைதட்டியது. யாரோ சரவெடியைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். தையல்நாயகி என்ஜினை நிறுத்தினாள்.

“நானே பாத்துக்கறேன், யாரும் கை வைக்காதீங்க” என்று நீலகண்டன் மச்சானைத் தள்ளி நிறுத்தினான். “ஆனா ஒண்ணு. இப்பவும் முள்ளு ஏறலைன்னா வண்டிய ஷெட்டுல போட்டுப் பூட்டிடுவேன். நமக்குக் குடுத்து வச்சது அவ்வளவுதான்.”

சொல்லிவிட்டுக் கரித்துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அதைத் தையல்நாயகி பார்த்துவிட்டாள். பாவம், தூக்கத்தில்கூடக் கியர் மாற்றுகிற மனுஷன்.

நீலகண்டன் குமிழைக் கழற்றினான். சணலைச் சுரண்டி எறிந்தான். மறுபடி திருகி ஸ்பேனரால் இறுக்கினான். அதற்குப் பிறகும் முதுகால் எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தான்.

“ஸ்டார்ட் பண்ணு!”

என்ஜின் உறுமியது.

“எங்க நிக்குது?”

தையல்நாயகி மீட்டரை விரலால் தட்டிப் பார்த்தாள்.

“பூஜ்யந்தானே? பரவால்ல, சொல்லு. தாங்கிக்கறேன்.”

“நாலு!”

“என்னது?”

“நாலுங்க! நாலுல நிக்குது!”

“நல்லாப் பாரு! நாலு எப்படி…”

“எனக்கு நாலு தெரியாதா? எட்டாங்கிளாஸ் வரைக்கும் படிச்சிருக்கேன்!”

சரவெடி வெடித்தது. சிதம்பரநாதன் பானெட்டை அறைந்து சாத்திவிட்டு மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டார். நீலகண்டன் திமிறிக்கொண்டு மீட்டரிடம் வருவதற்குள், தையல்நாயகி சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கியிருந்தாள்.

“ஒரு தடவை நானும் பாத்துடறேனே…”

“போற வழியெல்லாம் பாத்துக்கிட்டே போங்க மாப்ள, யாரு வேணாங்கறா!”

மாலையைப் போட்டு, விபூதி பூசி, நாலு பேர் சேர்ந்து அவனைச் சீட்டில் அமுக்கினார்கள். வேறு வழியில்லாமல் சாவியைத் திருப்பினான். என்ஜின் உறுமியது. மாலைக்கு மேலாக எட்டி மீட்டரைப் பார்த்தான். முள் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை.

தையல்நாயகி ஜன்னலுக்குள் தலையை நீட்டினாள். கண் கலங்கியிருந்தது.

“சத்தம் போடாதீங்க. அப்பவும் அது அசையலதான். நீங்க கண்ணைத் தொடச்சதப் பாத்தேன், மனசு கேக்கல, அதான் நாலுன்னு சொல்லிட்டேன். ஒரு முள்ளுக்காகவா மூணு வருஷத்து ஆசைய விடுறது? தைரியமாப் போயிட்டு வாங்க, நம்மூரு கோயில் அம்மையார் பாத்துக்குவா.”

நீலகண்டன் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டான். பந்தயத்துக்குப் பயந்து, முள் எந்தக் காலத்திலும் ஏறிவிடக்கூடாது என்று அவனே சற்றுமுன் குமிழோரம் வெட்டியெடுத்த ஒயர்த் துண்டு, அதற்குள் சுருண்டு கிடந்தது.