பாதாதிகேசம்

"பொண்ணு கலர் கம்மி" என்று சொல்லி, தட்டிலிருந்த கடைசி பஜ்ஜியையும் தின்றுவிட்டு எழுந்துபோனவன் சங்கரநாராயணன். இப்போது அவனுக்கு வேறிடத்தில் கல்யாணம். வாழ்த்து மடல் அடிக்க அவன் கூட்டாளிகள், செல்லக்கனி வேலைபார்க்கும் அச்சகத்துக்கே வந்தார்கள். அவள்தான் அந்தக் கலர் கம்மி என்று அவர்களுக்குத் தெரியாது.

"கவிதையும் நீயே எழுதிரு தங்கச்சி. பாதத்துல ஆரம்பிச்சு கூந்தல் வரைக்கும் வர்ணிச்சிரணும்."

யாரை என்று அவர்கள் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கண்ணாடிச் சட்டம் போட்டு, வண்ணத்தாள் சுற்றிக் கொடுத்தாள்.

மேடையில்தான் பிரித்தார்கள். கூட்டாளி ஒருவன் மைக்கைப் பிடித்து ராகம் போட்டான். "பித்தவெடிப்பில் பூத்த பாதம்! வேட்டி நழுவும் பானை வயிறு! பாக்குக் கறையில் சிவந்த பற்கள்..."

மண்டபம் சிரித்துக் குலுங்கியது. அப்போதுதான் சங்கரநாராயணனுக்கு உறைத்தது.

"நிறுத்துல!" என்று பல்லைக் கடித்தான் மாப்பிள்ளை.

அழைப்பில்லாமலே வந்திருந்த செல்லக்கனி பின்வரிசையிலிருந்து எட்டிப் பார்த்தாள். முகத்தில் அப்பிய வெள்ளைப் பூச்சு வியர்வையில் கோடுகோடாக இறங்க, மணப்பெண் தலை நிமிர்ந்தாள்.

"நிறுத்தாதீங்கண்ணே. கூந்தல் இன்னும் வரலியே."

மாப்பிள்ளையின் கை தலைப்பாகையை இறுக்கிப் பிடித்தது.